மணலும் மதிப்பெண்ணும்: தொடக்க வகுப்பின் கற்றலும் சோதனையும்

முன்னுரை

பெங்களூரின் வடமேற்கே அமைந்த மல்லேஸ்வரம், காடு மல்லிகார்ச்சுனர் கோயிலால் பெயர் பெற்ற பகுதியாகும். அக்கோயிலின் 1669ஆம் ஆண்டுக் கல்வெட்டு, பின்னாளில் தஞ்சையில் மராட்டிய அரசை நிறுவிய ஏகோஜி வழங்கிய கொடையைக் கூறுகின்றது. 1898இல் பெங்களூரில் பிளேக் என்னும் கொள்ளைநோய் பரவியதை ஒட்டி, நகரின் நெருக்கத்திலிருந்து விலகி வாழ விரும்பியோரின் குடியிருப்பாக இப்பகுதி வளர்ந்தது. கன்னடத்தோடு தமிழும் வழங்கும் இப்பகுதியில்தான் கர்நாடகப் பள்ளித் தேர்வு மற்றும் மதிப்பீட்டு வாரியத்தின் அலுவலகம் இயங்குகின்றது. 2023-24ஆம் கல்வியாண்டில் இவ்வாரியத்தின் வழியே ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளுக்கும் மாநில அளவில் தேர்வு நடத்தப்பட்டது. அத்தேர்வு வழக்காகி உயர்நீதிமன்றத்தையும், பின் உச்சநீதிமன்றத்தையும் அடைந்தது.

பத்து வயதுக் குழந்தை கற்றதை அறிய ஒரு மாநில வாரியம் தேவையா என்பது அவ்வழக்கின் பின்னே நின்ற வினாவாகும். இவ்வினா புதியதன்று. தொடக்க வகுப்பில் என்ன கற்பிக்கப்பட்டது என்பதோடு, கற்றதை யார், எங்கிருந்து சோதித்தார் என்பதும் இரு நூற்றாண்டுகளாக மாறி வந்துள்ளது. சோதிக்கும் இடம் மாறியபோது கற்கும் பொருளும் உடன் மாறியுள்ளது. தமிழ், கன்னட நிலப்பகுதிகளின் தொடக்கக் கல்விச் சான்றுகள் சிலவற்றைக் கொண்டு இம்மாற்றத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மன்றோ காலக் கணக்கெடுப்பு

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822ஆம் ஆண்டு மாவட்ட ஆட்சியர்கள் அனைவரிடமும் நாட்டுப் பள்ளிகளைப் பற்றிய விவரங்களைக் கேட்டார். வந்த விடைகளைத் தொகுத்து 1826 மார்ச்சு 10ஆம் நாள் அவர் எழுதிய குறிப்பில், 1,28,50,941 பேர் கொண்ட மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் இருந்தமை கூறப்படுகின்றது. ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்பது இதன் பொருள். வீட்டிலேயே கற்றவரையும் சேர்த்துப் பள்ளி வயதுச் சிறுவருள் மூன்றில் ஒரு பங்கினருக்கு அண்மையானோர் ஏதோ ஒரு வகைக் கல்வியைப் பெற்றனர் என்று மன்றோ மதிப்பிட்டார். இவ்வாவணங்களைத் தரம்பால் 1983இல் நூலாக வெளியிட்ட பின்னரே அவை பரவலான ஆய்வுக்கு உள்ளாயின.

இத்தொகையின் மறுபக்கமும் ஈண்டு நோக்கத்தக்கது. 1,88,650 மாணாக்கருள் 1,84,110 பேர் ஆண்கள். பெண்கள் 4,540 பேர் மட்டுமே. பழைய பள்ளியைப் பொற்காலமாகக் காண்போர் இவ்வெண்ணைக் கடந்து செல்லுதல் இயலாது. எனினும் எத்தனை பேர் கற்றனர் என்பதை மட்டுமே இத்தகைய பட்டியல்கள் கூறும். வகுப்பினுள் நிகழ்ந்தவற்றை அறிய, பள்ளியின் ஒரு நாளைப் பதிவு செய்த சான்று தேவைப்படுகின்றது. அத்தகைய சான்று கன்னட நாட்டைச் சேர்ந்த பெல்லாரியிலிருந்து கிடைக்கின்றது.

பெல்லாரி அறிக்கையில் பள்ளியின் ஒரு நாள்

பெல்லாரி ஆட்சியராக இருந்த ஏ. டி. கேம்பெல் 1823 ஆகஸ்டில் அனுப்பிய அறிக்கை ஏனைய அறிக்கைகளினும் விரிவானது. அம்மாவட்டத்தில் அப்போதிருந்த 533 பள்ளிகளுள் 235 கன்னடப் பள்ளிகள். 226 தெலுங்குப் பள்ளிகள். 23 மராத்திப் பள்ளிகள். 21 பாரசீகப் பள்ளிகள். 4 தமிழ்ப் பள்ளிகள். ஒன்று ஆங்கிலப் பள்ளி. எஞ்சியவை வடமொழி கற்பித்தவை. கற்றோர் தொகை 6,641. அவருள் பெண்கள் அறுபதின்மர். இன்றைய கர்நாடகத்தில் அமைந்த ஒரு மாவட்டத்தில் இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே நான்கு தமிழ்ப் பள்ளிகள் இருந்தன என்பதும், வேற்று மொழிப் பள்ளிகளோடு அவை ஒரே பட்டியலில் இடம்பெற்றன என்பதும் குறிப்பிடத்தக்கன.

பள்ளி காலை ஆறு மணிக்குத் தொடங்கியது. முதலில் வந்த சிறுவனின் உள்ளங்கையில் கலைமகளின் பெயர் எழுதப்பட்டது. இரண்டாவதாக வந்தவனுக்குப் புகழும் இல்லை, பழியும் இல்லை என்பதைக் குறிக்கச் சுழி இடப்பட்டது. மூன்றாமவனுக்கு மெல்லிய அடி ஒன்று, அடுத்தவனுக்கு இரண்டு, பின்வந்தோர்க்கு ஒவ்வோர் அடி கூடுதல். புதிதாய்ச் சேர்ந்தோர் மணலில் விரலால் எழுத்துகளை வரைந்து பழகினர். பின்னர் ஓலையிலும், கரிபூசிய துணியேடாகிய கடதத்திலும், தாளிலும் எழுதினர். மாணாக்கர் தத்தம் அறிவுநிலைக்கேற்பக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். முன்னேறியோர் பின்தங்கியோர்க்குக் கற்பித்தனர். ஆசிரியர் அனைவரையும் மேற்பார்த்தார். தமிழகத் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை வகித்த இடம் இதுவே.

இம்முறையின் சிக்கனத்தையும், கற்பிப்பதால் கற்பிப்பவன் அறிவும் உறுதிப்படும் தன்மையையும் கேம்பெல் பாராட்டினார். அதே வேளையில் ஒரு கடுமையான குறையையும் சுட்டினார். மாணாக்கர் மனப்பாடம் செய்த செய்யுள்கள் பேச்சு வழக்கினின்று வேறுபட்ட நடையில் அமைந்தவை. ஒப்பிக்கத் தெரிந்த சிறுவர் பலர்க்கு அவற்றின் பொருள் தெரியாது. சில போது கற்பித்தவர்க்கும் தெரியாது என்பது அவரது கருத்து. கற்றல் குறித்து அக்காலத்தே எழுந்த இக்குறிப்பு பின்னர் எழுந்த பாடநூல் முயற்சிகளைப் புரிந்துகொள்ளத் துணைபுரியும்.

அரிச்சுவடியும் எண்சுவடியும்

தமிழகத் திண்ணைப் பள்ளியின் பாடநிரல் ஓரளவு தெளிவாகவே அறியப்பட்டுள்ளது. அரிச்சுவடியில் தொடங்கிய கல்வி ஆத்திசூடி, கொன்றை வேந்தன், உலகநீதி, வெற்றிவேற்கை, மூதுரை, நல்வழி ஆகியவற்றின் வழியே சதகங்களையும் நிகண்டையும் நோக்கிச் சென்றது. எழுத்தறிவின் தொடக்கத்தில் சொல்லப்பட்ட வணக்கத் தொடர் இம்மொழிகளுக்கிடையே நிலவிய உறவைக் காட்டுகின்றது. தமிழ்ச் சிறுவர் அரிநமோத்து சிந்தம் என்று தொடங்கினர். தெலுங்கில் நெடுங்கணக்கிற்கு ஓனமாலு என்ற பெயர் வழங்குகின்றது. கன்னடத்தில் ஓநாமம் என்பர். சித்தரை வணங்கும் பழந்தொடர் ஒன்று அண்டை மொழிகளின் குழந்தைகளது நாவில் திரிந்து வழங்கியதையே இப்பெயர்கள் உணர்த்துகின்றன. எழுத்துகள் வேறாயினும் மணலும் வணக்கமும் பொதுவாக இருந்தன.

எண் கற்பித்தலில் சோதனைமுறை எவ்வாறு பாடத்தினுள்ளேயே அமைந்திருந்தது என்பதை எண்சுவடி காட்டுகின்றது. எண்சுவடியில் பேரெண்கள் மட்டுமன்றி, முந்திரி (1/320), அரைக்காணி (1/160), காணி (1/80), அரைமா (1/40), மா (1/20), மாகாணி (1/16) முதலிய கீழ்வாயிலக்கங்களும் இடம்பெற்றன. நெல்லளவைக்கு நெல்லிலக்கம், பொன்னளவைக்குப் பொன்னிலக்கம், நிலப்பரப்பைக் காணக் குழிமாற்று எனப் பாடங்கள் வாழ்வின் தேவையோடு இணைந்திருந்தன. களத்துமேட்டிலும் கடைவீதியிலும் குழந்தை கேட்ட சொற்களே வகுப்பிலும் ஒலித்தன.

பாடச்சுவடிகளில் வாய்ப்பாட்டின் இறுதியில் அதன் பெருக்குத்தொகைகள் அனைத்தையும் கூட்டிய மொத்தம் தரப்படுவது உண்டு. இது அலகுநிலை எனப்பட்டது. சான்றாக, ஒன்று முதல் பத்து வரையுள்ள எண்களை இரண்டால் பெருக்கி வரும் தொகைகளைக் கூட்டினால் 110 கிடைக்கும். இடையில் ஒரு தொகை பிழைபட்டால் இறுதி மொத்தம் பொருந்தாது. எனவே தன் பிழையைச் சிறுவன் தானே காண முடியும். தமிழ் எண்சுவடிகளை விரிவாக ஆராய்ந்த செந்தில்பாபு, 2022இல் வெளியான தமது ஆங்கில நூலில் இக்கணக்குப் பயிற்சி வெறும் மனப்பாடமன்று, நினைவாற்றலையே கற்றலின் கருவியாக்கிய முறை என்பதை நிறுவியுள்ளார். கன்னடப் பள்ளிகளில் மக்கி என்னும் வாய்ப்பாடும் இவ்வாறே ஓசையொழுங்குடன் பயிலப்பட்டது.

இப்பள்ளியில் ஆண்டிறுதித் தேர்வு என ஒன்று இல்லை. ஒவ்வொரு நாளும் முறை சொல்லுதல் நிகழ்ந்தது. பாடம் வந்தவன் அடுத்த சுவடிக்குச் சென்றான். வராதவன் அங்கேயே நின்றான். சோதிப்பவர் கற்பித்தவரே. சோதிக்கப்பட்ட இடமும் கற்ற திண்ணையே.

சென்னை மணலில் பிறந்த முறை

இம்முறை கடல் கடந்து சென்ற வரலாறு பலரும் அறிந்ததே ஆயினும் இங்கு நினைவுகூரத்தக்கது. ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789 முதல் 1796 வரை சென்னை எழும்பூரில் இருந்த படைவீரர் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் கண்காணிப்பாளராகப் பணியாற்றினார். நாட்டுப் பள்ளி ஒன்றில் சிறுவர் மணலில் எழுதுவதைக் கண்ட அவர் அதைத் தம் இல்லத்தில் புகுத்த முனைந்தார். உதவியாசிரியர் இசையாமையால், ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனைக் கொண்டே ஏனையோர்க்கு எழுத்துக் கற்பித்தார். இங்கிலாந்து திரும்பிய பின் 1797இல் அவர் வெளியிட்ட சிறுநூலின் வழி இது மதராஸ் முறை எனப் பெயர் பெற்று ஐரோப்பிய நாடுகளில் பரவியது.

பெல் எடுத்துச் சென்றது மணலையும் சட்டாம்பிள்ளையையும் மட்டுமே. அவற்றோடு இணைந்திருந்த நெல்லிலக்கமும் குழிமாற்றும் அன்றாட முறையும் இங்கேயே தங்கிவிட்டன. ஒரே ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கானோரைக் குறைந்த செலவில் பயிற்றும் ஏற்பாடாக மேலைநாட்டில் அது உருமாறியது. கற்கும் பொருளினின்று பிரிக்கப்பட்ட கற்பித்தல் முறை நிருவாகக் கருவியாக மாறும் என்பதற்கு இது முதற்சான்று.

வகுப்பை விட்டு வெளியேறிய சோதனை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அச்சுப் பாடநூல்கள் பெருகின. யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர் தொடர்ந்து வெளியிட்ட பாலபாடங்கள் எளிய உரைநடையில் அமைந்தவை. பொருள் உணராமல் செய்யுளை ஒப்பித்தல் என்று கேம்பெல் சுட்டிய குறைக்குத் தமிழ் மரபின் உள்ளிருந்தே எழுந்த விடையாக இவற்றைக் கொள்ளலாம். சிறுவன் படித்ததைப் புரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் இவற்றின் அமைப்பிலேயே தெரிகின்றது.

இதே காலத்தில் வேறொரு மாற்றமும் நிகழ்ந்தது. இங்கிலாந்தில் 1862இல் வந்த திருத்த விதித்தொகுப்பு, படிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் ஆய்வாளர் நடத்தும் தேர்வில் மாணாக்கர் பெறும் தேர்ச்சிக்கேற்பப் பள்ளிக்கு மானியம் என்ற நிலையை உருவாக்கியது. பள்ளி ஆய்வாளராகவும் இருந்த கவிஞர் மாத்யூ ஆர்னால்டு இம்முறை கற்பித்தலை இயந்திரமாக்கும் என்று தொடக்கத்திலேயே எதிர்த்தார். எனினும் 1860களில் சென்னை மாகாணத்திலும் தேர்ச்சிக்கேற்ற மானியம் நடைமுறைக்கு வந்தது. 1882இல் அமைந்த ஹண்டர் ஆணையமும் தொடக்கப் பள்ளிகளுக்கு இதனையே பரிந்துரைத்தது.

திண்ணைப் பள்ளி ஆசிரியர் மானியம் பெற வேண்டுமாயின், ஆய்வாளர் வரும் நாளில் மாணாக்கர் எதைக் கூற வேண்டுமோ அதைக் கற்பிக்க வேண்டியவரானார். ஆய்வாளரின் பட்டியலில் இல்லாத முந்திரியும் காணியும் பள்ளியில் மதிப்பிழந்தன. 1957இல் பதின்மக் காசுமுறை வந்தபோது அவற்றின் எஞ்சிய பயன்பாடும் குறைந்தது. திண்ணைக் கணக்கு அறிவுக்குறைவால் அழியவில்லை. அதைச் சோதிப்பார் இல்லாமையால் மறைந்தது எனலாம்.

இம்மாற்றத்தின் நற்பயனையும் மறுத்தல் ஆகாது. மைசூர் அரசில் 1868இல் ஏற்கப்பட்ட ஹோபளிப் பள்ளித் திட்டமும், 1913இல் வந்த மைசூர்த் தொடக்கக் கல்விச் சட்டமும் பள்ளியை மக்கள் பலரிடமும் கொண்டு சென்றன. பெங்களூரில் 1873இல் ஆற்காடு நாராயணசாமி முதலியார் நிறுவிய அறப்பள்ளி, தமிழர் மிக்கு வாழ்ந்த தண்டுப் பகுதியின் ஏழைச் சிறுவர்க்குக் கல்வி வழங்கியது. திண்ணையில் இடம் பெறாதோர்க்கு வகுப்பறையில் இடம் கிடைத்தது. புறத்தேயிருந்து வந்த கணக்கும் ஆய்வும் இன்றி இவ்விரிவு நிகழ்ந்திருக்குமா என்பது ஐயமே.

எம்மொழியில் கற்றல்

விடுதலைக்குப் பின் தொடக்க வகுப்பு பற்றிய விவாதம் பெரிதும் பயிற்றுமொழியைச் சுற்றியே அமைந்தது. 1956இல் சேர்க்கப்பட்ட அரசமைப்பின் 350அ உறுப்பு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழியில் கற்பிக்கப் போதிய வசதி செய்தல் அரசின் முயற்சியாக வேண்டும் என்கிறது. அதே ஆண்டில் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, பெங்களூர்த் தமிழ்க் குழந்தை மொழிச் சிறுபான்மைக் குழந்தையாயிற்று. கோகாக் குழு அறிக்கையை ஒட்டி 1982இல் எழுந்த கன்னட இயக்கம் பள்ளியில் கன்னடத்தின் முதன்மையை வலியுறுத்தியது. 1994 ஏப்ரல் 29ஆம் நாள் கர்நாடக அரசு வெளியிட்ட ஆணை முதல் நான்கு வகுப்புகளில் தாய்மொழியோ கன்னடமோ பயிற்றுமொழியாதல் வேண்டும் என்றது. 2014 மே 6ஆம் நாள் உச்சநீதிமன்ற அரசமைப்பு அமர்வு, தாய்மொழியைப் பயிற்றுமொழியாக்குமாறு அரசு கட்டாயப்படுத்த இயலாது எனத் தீர்ப்பளித்தது; குழந்தையின் தாய்மொழி எது என்பதைப் பெற்றோரே முடிவு செய்வர் என்றும் கூறியது.

கர்நாடக அரசின் பாடநூல்கள் தமிழ் உட்பட ஏழு பயிற்றுமொழிகளில் வெளியிடப்பட்டு வந்துள்ளன. பத்தாம் வகுப்புத் தேர்வில் தமிழை முதல்மொழியாகக் கொள்ளவும் இடம் உண்டு. எனினும் ஏட்டில் உள்ள வாய்ப்பு வகுப்பில் உள்ள வாய்ப்பாகிவிடாது. அருகில் தமிழ் வகுப்பு இல்லாத தமிழ்க் குழந்தைக்கு முதல் எழுத்து கன்னடமாகவோ ஆங்கிலமாகவோதான் அமையும். அக்குழந்தை ஐந்தாம் வகுப்பில் வாசிக்கத் திணறினால், அது வாசிப்பின் குறையா, மொழியின் தொலைவா என்பதை மாநில அளவிலான ஒரு மதிப்பெண் கூறாது. அருகிருந்து கேட்கும் ஆசிரியரே அதை அறிவார்.

ஏணியின் வருகை

சோதனையை மீண்டும் வகுப்பினுள் கொண்டுவர அண்மைக் காலத்தில் முயற்சிகள் நிகழ்ந்துள்ளன. ஆந்திரத்தின் மதனப்பள்ளிக்கு அருகில் ரிஷி பள்ளத்தாக்கில், பல வகுப்புக் குழந்தைகள் ஒரே அறையில் கற்கும் சிற்றூர்ப் பள்ளிகளுக்காகக் கற்றல் ஏணி உருவாக்கப்பட்டது. பாடம் சிறுசிறு படிகளாகப் பகுக்கப்பட்டு அட்டைகளாக அமைந்தது. ஒவ்வொரு படிக்குழுவின் இறுதியிலும் குழந்தை தன்னைச் சோதித்துக்கொள்ளும் அட்டை உண்டு. இதன் தாக்கத்தால் 1995இல் மைசூர் மாவட்டம் ஹெக்கடதேவன கோட்டையில் யுனிசெப் துணையுடன் நலி-கலி தொடங்கியது. மகிழ்ந்து கற்றல் என்பது இக்கன்னடத் தொடரின் பொருள். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007-08 முதல் தமிழக அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது.

குழுவாகப் பிரித்தல், தன் வேகத்தில் முன்னேறுதல், முன்னே சென்றவர் பின்வருவோர்க்கு உதவுதல், படிதோறும் சோதித்தல் ஆகிய நான்கும் கேம்பெல் அறிக்கையிலும் எண்சுவடியிலும் ஏற்கெனவே காணப்படுவனவாகும். பிரம்பு மறைந்தது, பெண் குழந்தைகள் வந்தனர், தமிழுக்கும் கன்னடத்துக்கும் பொதுவான ஒரு கற்றல்முறை மீண்டும் அமைந்தது. ஏணி முறையை ஆசிரியர் தம் விருப்பால் ஏற்ற இடத்தில் அது செழித்தது என்றும், ஆணையாக வந்த இடத்தில் அட்டை நிரப்பும் பணியாகச் சுருங்கியது என்றும் ஆசிரியர் வட்டத்தில் எழுந்த திறனாய்வு பெல்லின் பட்டறிவை நினைவூட்டுகின்றது.

ஐந்தாம் வகுப்பு வழக்கு

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், தொடக்கக் கல்வி முடியும் வரை எந்தக் குழந்தையும் வாரியத் தேர்வு எழுத வேண்டியதில்லை என்றும், மதிப்பீடு தொடர்ந்தும் முழுமையாகவும் நிகழ வேண்டும் என்றும் விதித்தது. 2019இல் வந்த திருத்தம் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளின் இறுதியில் தேர்வு நடத்த இடமளித்தது. கர்நாடகம் 2022-23இல் இவ்விரு வகுப்புகளுக்கும் பொது மதிப்பீட்டை அறிவித்தது. 2023 மார்ச்சு 10ஆம் நாள் உயர்நீதிமன்றத்தின் தனிநீதிபதி அமர்வு அதை நீக்கியது. இரு நீதிபதிகள் அமர்வு அனுமதித்தபின் அம்மாத இறுதியில் தேர்வு தொடங்கியது. அடுத்த ஆண்டில் 2024 மார்ச்சு 6ஆம் நாள் மீண்டும் தனிநீதிபதி அமர்வு தடுத்தது. மார்ச்சு 22ஆம் நாள் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. ஏப்ரல் 8ஆம் நாள் உச்சநீதிமன்றம் உயர்நீதிமன்றத் தீர்ப்பை நிறுத்திவைத்து, முடிவுகளைப் பயன்படுத்தலாகாது என்றது. எழுதிய தேர்வின் விடைத்தாள்களுக்குப் பொருள் உண்டா என்பதையே அறியாத நிலையில் குழந்தைகளும் பெற்றோரும் காத்திருந்தனர்.

தேர்வு வேண்டும் என்போர் கூறும் காரணமும் புறக்கணிக்கத்தக்கதன்று. ஊரகக் குழந்தைகளின் கற்றலை ஆராயும் ஏசர் அறிக்கையின்படி, இரண்டாம் வகுப்புப் பாடப்பகுதியை வாசிக்க வல்ல மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் இந்திய அளவில் 2018இல் 27.3 விழுக்காடு, பெருந்தொற்றுக்குப் பின் 2022இல் 20.5 விழுக்காடு. கற்றலில் குறை உள்ளது என்பதில் ஐயமில்லை. ஆனால் இக்குறையை வெளிக்கொணர்ந்த ஆய்வின் வழிமுறை கருதத்தக்கது. குழந்தையின் வீட்டுக்குச் சென்று, அருகில் அமர்ந்து, ஒரு பத்தியை வாய்விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்பதே அம்முறை. ஆய்வின் அளவு பெரிதாயினும், சோதிக்கும் செயல் திண்ணையின் முறை சொல்லுதலுக்கே நெருக்கமானது.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால் மூன்று உண்மைகள் புலனாகின்றன. தொடக்க வகுப்பின் கற்றல்முறைகள் தமிழ், கன்னட எல்லைகளைக் கடந்து பொதுவாக விளங்கி வந்துள்ளன. சோதனை வகுப்பினுள் நிகழ்ந்தபோது பிழை உடனே அறியப்பட்டுத் திருத்தப்பட்டது. ஆனால் அவ்வகுப்பு பலருக்குக் கதவடைத்திருந்தது. சோதனை வெளியே சென்றபோது கதவு திறந்தது. ஆனால் சோதிக்கப்படுவது மட்டுமே கற்பிக்கத்தக்கது என்னும் நிலை உருவாயிற்று.

பெண்களும் எளியோரும் புக இடமளித்த பொதுப்பள்ளியின் விரிவும், அலகுநிலை காட்டும் உடனடித் திருத்தமும் ஒருங்கே அமையும் வகுப்பே இன்றைய தேவை. மல்லேஸ்வரத்து அலுவலகத்தில் தொகுக்கப்படும் மதிப்பெண், எங்கே ஆசிரியர் இல்லை, எங்கே ஏடு இல்லை என்பதை அரசுக்கு உணர்த்தப் பயன்படலாம். ஒரு குழந்தை எந்த எழுத்தில் தயங்குகிறது, எந்தத் தொகையில் பிழைக்கிறது என்பதை அதன் ஆசிரியர் அன்றே அறிந்து திருத்தினாலன்றி அம்மதிப்பெண்ணால் அக்குழந்தைக்குப் பயனில்லை.